நோயும் உழைப்பும்

விழா மலர்களிற் பெரும்பாலும் இடம்பெறுவன வெற்றிகளே. கல்லூரியன்னையின் மடியில் வளர்ந்து, பட்டமும் பதவியும் பெற்று, ஊரார் மதிக்க வாழும் புதல்வர்களின் வரலாறுகளைப் படிக்கும்போது நெஞ்சம் பூரிக்கின்றது. அஃது அவ்வாறே இருத்தல் வேண்டும். ஆயினும், ஒரு கல்லூரியின் பிள்ளைகள் அனைவரும் நலங்குன்றாது உழைத்து, உரிய வயதில் ஓய்வு பெறுபவர்கள் அல்லர். இடைவழியில் நோய்வாய்ப்பட்டு, பாதி வலிமையோடு முழு வாழ்வையும் நடத்த வேண்டியவர்களும் நம்மிடையே உளர். அவர்களுள் ஒருவன் என்னும் உரிமையோடு, மலர்க்குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க இச்சிறு கட்டுரையை எழுதுகின்றேன்.

நோய்க்கால உதவிப்பணம் பெறும் ஒருவர் சிறிதளவு வேலையும் செய்யலாமா என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். இலண்டனில் வாழும் நம் பழைய மாணவர் சிலரின் வீடுகளில் இவ்வினா தாழ்ந்த குரலிற் பேசப்படுவதை நான் அறிவேன். இஃது உரத்த குரலிற் பேசுதற்குரிய பொருள்.

முதலில் என்னைப் பற்றிச் சில சொற்கள். நம் கல்லூரியிற் கற்று, பின்னர் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றேன். ஊர்ப் பாடசாலையொன்றில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தபின் குடும்பத்தோடு இலண்டன் சேர்ந்தேன். அங்கே என் சான்றிதழைக் கேட்பார் இல்லை; கைகளைக் கேட்பார் இருந்தனர். பேரங்காடியொன்றில் இரவு வேளைகளிற் பொருள்களை அடுக்கும் வேலை கிடைத்தது. மாதந்தோறும் சம்பளத்திலிருந்து தேசிய காப்புறுதிக்கென ஒரு தொகை கழிக்கப்பட்டு வந்தது.

2021 ஆம் ஆண்டில் என் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. அன்று தொடக்கம் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள்களிலும், நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், வைத்தியசாலையில் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுக் கிடந்து குருதியைச் சுத்திகரித்து வருகின்றேன். சுத்திகரித்த நாளில் வீட்டு மாடிப்படி மலைப்படியாகத் தோன்றும். மறுநாளில் ஓரளவு தெம்பு வரும். இரவு வேலை இனி ஆகாது என வைத்தியர் கூறிவிட்டார். ‘ஈ. எஸ். ஏ.’ என்று சுருக்கமாக வழங்கும் நோய்க்கால உதவிப்பணத்திற்கு விண்ணப்பித்தேன், அது கிடைத்தது.

இவ்வுதவி பிச்சையன்று என்பதை முதலில் நிலைநாட்டுதல் வேண்டும். வில்லியம் பெவரிட்ஜ் என்பார் 1942 இல் அளித்த அறிக்கையின் வழி வந்த தேசிய காப்புறுதித் திட்டம், 1948 ஆம் ஆண்டு யூலை 5 ஆம் நாள் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்தது. நலமுள்ள காலத்தில் யாவரும் இடுவது, நலங்குன்றியவர் எடுப்பது என்பதே அதன் சாரம். நம் ஊர்களிலுள்ள மரண சகாய நிதிச் சங்கங்களை நினைத்துப் பாருங்கள். மாதந்தோறும் சந்தா கட்டியவன் வீட்டிற் சாவு நேர்ந்தால், சங்கம் கொடுக்கும் பணத்தை யாரும் தருமமென்று சொல்வதில்லை. ஈ. எஸ். ஏ. 2008 இல் வந்த பெயர். அதன் ஒரு வகை, கட்டிய காப்புறுதியை நோக்கியே இன்றும் வழங்கப்படுகின்றது. இரவிரவாகப் பொருள் அடுக்கிக் கட்டிய சந்தாவே எனக்குத் திரும்பி வந்தது.

ஓராண்டு வீட்டிலிருந்தேன். நோயினும் கொடியது அவ்வோய்வு. பிள்ளைகள் பாடசாலைக்கும் மனைவி வேலைக்கும் சென்றபின், சுவர்க்கடிகாரத்தின் ஒலியே எனக்குத் துணை. அவ்வேளையில் அயலிலுள்ள வாரவிறுதித் தமிழ்ப் பாடசாலையொன்றின் தலைமையாசிரியர் வந்து, சனிக்கிழமை மூன்று மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமும் தமிழ் கற்பிக்க இயலுமா எனக் கேட்டார். சிறு வேதனமும் உண்டு என்றார். சுத்திகரிப்பில்லாத நாள்கள் அவை. உள்ளம் துள்ளியது, அச்சமும் உடன் எழுந்தது.

அறிவுரை கூறுவார்க்குக் குறைவில்லை. “பெனிபிற் எடுக்கிற ஆள் ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலும் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவாங்கள், மாஸ்டர்,” என்றார் ஒரு நண்பர். மற்றொருவர், “படிவம் நிரப்பிறதே? கைக்காசாய் வாங்கிப்போட்டுப் பேசாமல் இருங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார். ஒருவர் அச்சத்தையும் மற்றவர் களவையும் கற்பித்தனர். இரண்டுக்கும் வேர் ஒன்றே: சட்டம் என்ன சொல்கின்றது என்பதை இருவரும் கேட்டறியவில்லை.

நான் இலவச ஆலோசனை நிலையமொன்றை நாடினேன். அங்கிருந்த அம்மையார் பொறுமையோடு விளக்கினார். ஈ. எஸ். ஏ. பெறுவோர் ‘அனுமதிக்கப்பட்ட வேலை’ செய்யலாம். அது வாரத்திற்கு 16 மணி நேரத்துக்குக் குறைந்ததாக இருத்தல் வேண்டும். வருவாய் குறித்த வரம்பைத் தாண்டலாகாது. அவ்வரம்பு ஆண்டுதோறும் திருத்தப்படுவது. 2025 ஏப்ரலில் வாரத்திற்கு 195 பவுண் 50 பென்ஸ் என வகுக்கப்பட்டது. வரம்புக்குட்பட்டு உழைத்தால் உதவிப்பணத்தில் ஒரு பென்சும் குறையாது. முற்காலத்தில் இத்தகைய வேலைக்கு வைத்தியரின் சம்மதம் வேண்டியிருந்தது. 2002 இல் அந்நிபந்தனை நீங்கியது. பலருக்கு 52 வாரங்கள் என்றிருந்த கால எல்லையும் 2017 இல் எடுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் கேட்டபோது, சட்டத்தை வகுத்தவர்களுள் நோயாளியின் நெஞ்சை அறிந்தவர் எவரோ இருந்திருத்தல் வேண்டும் என்று எண்ணினேன்.

ஆனால் ஒரு கடமை உண்டு. வேலையை அறிவித்தல் வேண்டும். அதற்கெனத் தனிப் படிவம் உண்டு. எங்கே வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு வேதனம் என எழுதி அனுப்பினேன். அனுப்புமுன் படிவத்தைப் படியெடுத்துக்கொள்ளுமாறும், அஞ்சற் பற்றுச்சீட்டைப் பேணுமாறும் அவ்வம்மையார் சொல்லியிருந்தார். அச்சொல்லின் அருமை மூன்றாம் மாதத்திற் புலனாயிற்று. ஏதோ ஒரு காரியாலயத்தில் என் படிவம் தவறிப்போக, நான் அறிவியாது வேலை செய்வதாகக் கருதி உதவிப்பணத்தை நிறுத்திவிட்டனர். ஆறு வாரங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது மனைவியின் சம்பளத்தாலும் அயலவர் தந்த கடனாலுமே. படியையும் பற்றுச்சீட்டையும் அனுப்பினேன். நிறுத்திய பணம் முழுவதும் வந்து சேர்ந்தது. அந்த ஆறு வாரங்களும் என் மனைவி ஒரு நாளேனும் “வகுப்பை விடுங்கோவன்” என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மாலைகளில் என் முகத்தை அவர் கண்டிருந்தார்.

அம்முகத்தின் காரணத்தையும் சொல்லவேண்டும். ஆங்கிலத்திற் கனவு காணும் பன்னிரண்டு பிள்ளைகள் என் வகுப்பில் உளர். லகர ளகர ழகரங்களை அவர்கள் நாவிற் பழக்குவது எளிதன்று. ஒரு சிறுமி பல வாரம் முயன்று, ஒருநாள் ‘வாழைப்பழம்’ என்பதைப் பிழையின்றிச் சொன்னாள். வகுப்பு முழுதும் கைதட்டியது. அன்று எனக்குக் கிடைத்த வேதனம் சிறிது. கிடைத்த உயிர் பெரிது. நோயாளி என்னும் பெயர் அந்த மூன்று மணி நேரம் என்னை விட்டு விலகி நின்றது. நான் மீண்டும் ஆசிரியன்.

கைக்காசு வழியை மேற்கொண்டவர் ஒருவரையும் நான் அறிவேன். முதுகெலும்பு நோயால் உதவிப்பணம் பெற்றுவந்த அவர், கடையொன்றின் பின்னறையில் இரகசியமாக வேலை செய்தார். அவர் முறையிட முடியாதவர் என்பது முதலாளிக்குத் தெரியும். ஆதலின் சட்டம் விதித்த ஆகக்குறைந்த கூலியின் பாதியையே கொடுத்தார். சம்பளச் சீட்டில்லை, விடுமுறையில்லை. பெட்டி விழுந்து கால் நசுங்கியபோது கேட்க நாதியுமில்லை. இறுதியிற் செய்தி வெளிப்பட்டு, பெற்ற பணத்தைத் தவணை முறையில் திருப்பிக் கட்டும் நிலைக்கு ஆளானார். அவர் செய்த வேலையை அறிவித்தே செய்திருந்தால் அனுமதி கிட்டியிருக்கக்கூடும் என்பதே இதன் துயரம். மறைத்தவனை முதலில் ஏய்ப்பவன் அவன் எதற்காக மறைத்தானோ அந்த முதலாளியே.

சட்டம் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. ஈ. எஸ். ஏ. விதியில் வருவாய் வரம்பு ஒரு செங்குத்துப் பாறை. வரம்பின் விளிம்பு வரை நடக்கலாம். ஓரடி தாண்டினால் அவ்வார உதவிப்பணம் முழுவதும் போய்விடும். ‘யூனிவேர்சல் கிரடிற்’ என்னும் மற்றைய திட்டத்தில் இது சரிவாக அமைந்துள்ளது. நோயால் வேலைத்திறன் குன்றியவர் என மதிப்பிடப்பட்டவரின் உழைப்பில் ஒரு பகுதியை முதலில் விலக்கிவிட்டு, மிகுந்த ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வீதம் உதவி குறையும். 2021 நவம்பருக்கு முன் அது 63 பென்சாக இருந்தது. சரிவில் இறங்குபவன் விழமாட்டான்; ஆனால் தன் உழைப்பிற் பாதிக்குமேல் கரைவதைக் காண்பான். ‘பிப்’ என வழங்கும் கொடுப்பனவு வேறு. 2013 இல் வந்த அது, அன்றாட வாழ்வில் உடற்குறை விளைக்கும் இடரை நோக்கித் தரப்படுவது. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது கிடைக்கும். இவ்வேறுபாடுகளை அறியாது, ஒருவருக்கு நேர்ந்ததை மற்றவருக்கும் விதியென்று உரைப்பதாலேயே நம்மவரிடையே இத்துணைக் குழப்பம்.

சட்டத்தினும் கடியது ஊர்வாய். கோயில் வீதியில் ஒரு பெரியவர் என்னை நோக்கி, “தம்பி, வருத்தமெண்டு காசு எடுக்கிறீர், பிறகு படிப்பிக்கவும் போறீரோ?” என்று கேட்டார். அவர் தீயவர் அல்லர். நோயாளியெனில் பாயிற் கிடத்தல் வேண்டும். எழுந்து நடப்பவனெனில் நோயாளியாக இருத்தல் இயலாது என்பது அவர் கொள்கை. நம்மிற் பலர் கொள்கையும் அதுவே.

அவருக்கு நான் தமிழிலக்கணத்தாலேயே விடை கூறினேன். உகரம் ஒரு மாத்திரை பெறும் குற்றெழுத்து. ‘நாடு’, ‘பாக்கு’ என்னுஞ் சொற்களின் இறுதியில் நிற்கும்போது அது தன் அளவிற் குறுகி, அரை மாத்திரையே ஒலிக்கின்றது. குற்றியலுகரம் என்று அதற்குப் பெயர். குறுகிவிட்டது என்பதற்காகத் தொல்காப்பியர் அதனை எழுத்தன்றென்று தள்ளவில்லை; சார்ந்து வரும் எழுத்தென்று தனிப்பெயரிட்டு ஓரிடம் கொடுத்தார். முழு மாத்திரை ஒலிக்க இயலாதவனை வாய்மூடி இருக்கச் சொல்லுதல் முறையன்று. அவன் ஒலிக்கும் அரை மாத்திரையைக் காட்டி, ‘நீ முழுதும் ஒலிக்க வல்லாய்’ என்று சாதித்தலும் முறையன்று. பெரியவர் சிறிது நேரம் நின்று, “அதுவும் சரிதான்” என்று சொல்லிச் சென்றார்.

நம் நாட்டிலும் இவ்வினா வருதல் திண்ணம். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலத்திட்டத்தின்கீழ், உடற்குறையுடையோருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் மாதக் கொடுப்பனவு வழங்கப்படுகின்றது. அப்பணம் பெறும் ஒருவர் திண்ணையிலிருந்து நான்கு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தால், ‘இவருக்கு என்ன வருத்தம்?’ என்று கேட்கும் வாய்கள் நம் ஊரிலும் உண்டு. அவ்வாய்கள் அவரை மீண்டும் பாய்க்கே அனுப்பும். பாயிற் கிடப்பவரால் அவருக்கும் பயனில்லை, அப்பிள்ளைகளுக்கும் பயனில்லை.

ஆதலின் பழைய மாணவராகிய என் உடன்பிறவாச் சகோதரர்களுக்கு மூன்று சொல்வேன். உங்களுள் நலங்குன்றியவர் எவரேனும் இருப்பின், உதவிப்பணம் பெறுதற்கு நாணாதீர்கள். இயன்ற சிறு வேலையைச் செய்ய அஞ்சாதீர்கள். ஆனால் தொடங்குமுன் உங்களுக்குரிய விதியை அறிந்தவரிடம் கேட்டு, எழுத்தில் அறிவித்து, படியைப் பேணுங்கள். நலமுள்ளவர்களோ, நோயுற்ற நண்பன் ஒரு மணி நேரம் உழைப்பதைக் காணும்போது ஐயுறாது மகிழுங்கள். பழைய மாணவர் சங்கக் கிளைகள் விருந்துகளும் விளையாட்டுகளும் நடத்துதல் நன்றே. அவற்றோடு, படிவம் நிரப்பத் தெரிந்த உறுப்பினர் இருவர் மாதம் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவராயின் பல குடும்பங்களின் அச்சம் தீரும்.

இன்று கல்லூரியிற் கற்கும் மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். ஓட்டப்போட்டியில் முதலில் வருபவனைப் போற்றுங்கள். நோயால் வகுப்புக்கு இடையிடையே வரும் தோழனையும், அவன் வந்த நாளில் வரவேற்று, விட்ட பாடங்களை எழுதிக் கொடுங்கள். வராத நாளைப் பற்றிக் கேட்டு அவனை வருத்தாதீர்கள். இப்பண்பு நம் கல்லூரியில் தழைக்குமாயின், கல்லூரியன்னையின் விழாக்களுள் இதனினும் சிறந்தது பிறிதொன்று இல்லை.