விண்கல்லும் ஜன்னலோர சீட்டும்

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ராத்திரி விமானம். இறக்கைக்கு முன்னால், வலப்பக்க ஜன்னல் சீட். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப்போய் விளக்கையும் அணைத்த பிறகு, வெளியே ஒரு வெள்ளைக்கோடு கிழித்து மறைந்தது. எரிநட்சத்திரம். புத்தி உடனே கேட்டது: இது நம்ம மேல் விழுந்தால்?

படித்தவர்களே கேட்ட கேள்விதான். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 பன்னிரண்டாவது நிமிஷத்தில் வெடித்தது. 230 பேரும் போய்விட்டார்கள். ஏவுகணை, வெடிகுண்டு என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் போட்டார்கள்: 30 வருஷத்தில் ஏதாவது ஒரு விமானத்தில் விண்கல் பட பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. விசாரணைக் குழு வில்லியம் காசிடி என்ற விண்கல் நிபுணரைக் கேட்டது. அவர் கணக்குப்படி 59,000 முதல் 77,000 வருஷத்துக்கு ஒருமுறை. ஒரே வானம், ஒரே கல்; விடையில் மட்டும் இத்தனை இடைவெளி! கடைசியில், 2000-இல், நடு டாங்கில் இருந்த எரிபொருள் ஆவி பற்றிக்கொண்டது என்றார்கள். பெரும்பாலும் ஏதோ வயரில் ஷார்ட் சர்க்யூட்.

தவிர, நான் பார்த்த கோடு நூறு கிலோமீட்டர் உயரத்துச் சமாசாரம். விமானம் பதினொன்றில். எரிந்து மிஞ்சும் சின்னக் கல் அதற்குள் வேகமெல்லாம் தொலைந்து, கறுப்பாக, சும்மா விழுந்துகொண்டிருக்கும். நாமோ மணிக்கு 900 கிலோமீட்டரில் போகிறோம். மோதினால் புகார் கொடுக்க வேண்டியது கல்தான்.

ஆனால் வானத்திலிருந்து ஒன்று விழுந்தால் அதற்கு ஈடாக ஒரு பெரிய ஆள் விழ வேண்டும் என்பது நமக்குப் பழைய வழக்கம். புறநானூற்றின் 229-ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு பங்குனி நடுராத்திரி வானத்தைப் பார்க்கிறார். எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுகிறது, எது இறங்குகிறது என்று பதிவேடு மாதிரி வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் விழுந்த மீனுக்கே வருகிறார். அரசனுக்கு ஒன்றும் ஆகக்கூடாதே என்று பரிசிலர்கள் நடுங்குகிறார்கள். ஏழாம் நாள் யானை துதிக்கையைத் தரையில் போட்டுப் படுக்கிறது, முரசு கிழிந்து உருள்கிறது, குடைக்காம்பு ஒடிகிறது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான்.

என் மனசு நிற்பது பாட்டில் இல்லாத அந்த ஆறு நாளில். தினமும் காலையில் அரண்மனை வாசலுக்குப் போய், ராஜா சாப்பிட்டாரா, தும்மினாரா என்று காவல்காரனைத் துளைத்திருப்பார்களோ? ஏழாம் நாள் அவன் எழுந்து பல் விளக்கியிருந்தால் இந்தப் பாட்டே கிடையாது. மீன் விழுந்தும் ராஜா சாகாத ராத்திரிகளை யார் பாடினார்கள்?

எங்கள் ஆச்சிக்கு ராஜா கவலை இல்லை; என் படிப்புக் கவலைதான். மொட்டைமாடியில் எரிநட்சத்திரம் கண்ணில் பட்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கணும், இல்லாவிட்டால் படித்தது மறந்துபோகும் என்பாள். என் தாடையைப் பிடித்து வேம்பு பக்கம் திருப்புவாள்.

“கறுப்பால்லா தெரியுது ஆச்சி.”

“விடிஞ்சா பச்சைதானல. பாரு.”

விமானத்தில் மரத்துக்கு எங்கே போவது? வலது இறக்கையின் நுனியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தேன்.