உப்பளம், வறுத்த மீன், ஒரு கோப்பை ஒயின்

கேளம்பாக்கத்தில் ஓ.எம்.ஆரை விட்டுக் கோவளம் சாலையில் திரும்பினால், இருபுறமும் உப்பங்கழியும் உப்பளமும்தான். வெயில் ஏற ஏற வரப்போரம் குவித்த உப்பு கண்ணைக் கூசும். சாலை முடிகிற இடத்தில் கோவளம் மீனவர் குப்பம். உப்பும் மீனும் இவ்வளவு பக்கத்தில் கிடைக்கிற ஊர்!

இந்தக் கரைக்கு ஒயினும் புதிதல்ல. தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள வசவசமுத்திரத்தில் 1970-ல் நடந்த அகழாய்வில், ரோமானியர் ஒயின் ஏற்றி அனுப்பிய ஆம்போரா வகை ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த தேறலை நக்கீரர் புறநானூற்றிலேயே பாடியிருக்கிறார்.

சரி, நம்ம வீட்டுச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும்? வறுத்த வஞ்சிரத்துக்குப் புளிப்பான, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை ஒயின். எலுமிச்சை பிழிகிற வேலையை அதுவே செய்துவிடும். நாசிக்கில் தயாராகும் சாவிஞ்யோன் பிளாங்க் போதும். வெளிநாட்டுப் பாட்டில் தேட வேண்டாம்.

மீன் குழம்புதான் சிக்கல். குழம்பைவிடப் புளிப்பு குறைந்த ஒயின் வாயில் சப்பென்று ஆகிவிடும். காரத்தை ஆல்கஹால் இன்னும் தூக்கிவிடும். சிவப்பு ஒயினின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு படாத பாடு படும். லேசாக இனிக்கும் செனின் பிளாங்க் கொஞ்சம் தணிக்கும். வத்தக்குழம்புக்கு? என்னைக் கேட்டால் அப்பளமும் மோரும்தான்.

மது உடலுக்குக் கேடு. 21 வயது ஆகாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் விற்கவும் கூடாது. அவர்களுக்கும், ஈ.சி.ஆரில் வண்டி ஓட்டித் திரும்புகிறவருக்கும் அதே வறுத்த மீனோடு எலுமிச்சை ஜூஸ், உப்பு போட்டு.