அட்டையில் எழுதியது பொய்

கண்காட்சிகளில் என்னிடம் கம்பளிச் சுவர்த் தொங்கல்கள் வாங்கியவர்களிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். "உடுமலைப் பக்கத்துக் குரும்பை ஆட்டுக் கம்பளியில் கையால் செய்தது" என்று அட்டை எழுதிக் கட்டினேன். குரும்பை ஆட்டின் மயிர் மேலே ஒரு படலம் மட்டுமே. உள்ளே இருந்ததெல்லாம் கடையில் வாங்கிய வெளிநாட்டு மெரினோ கம்பளி.

திருப்பூரில் சாயப்பட்டறை வேலையில் வளர்ந்தவன் நான். நூற்காமல், நெய்யாமல், கம்பளியை அடுக்கி வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து உருட்டியே விரிப்பு செய்யலாம் என்று தெரிந்தபோது ஆசை பிடித்துக்கொண்டது. காஷ்மீரில் நம்தா என்று செய்வது இதைத்தான். காங்கயம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மேயும் மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. அதனால் குரும்பையைத் தேடிப் போனேன். அரசு ஏடுகளில் அதற்குக் கோயம்புத்தூர் ஆடு என்று பெயர். நான் போன பட்டியில் கத்தரித்த மயிரை வேலியோரம் கொட்டி வைத்திருந்தார்கள். "காசெல்லாம் வேண்டாங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார் ஆட்டுக்காரர். சும்மாவே அள்ளி வந்தேன்.

முதலில் அதைப் பட்டறை வழக்கப்படி காஸ்டிக் சோடாவில் போட்டுக் கொதிக்க வைத்தேன். பஞ்சுக்கு அது சரி. மெழுகும் அழுக்கும் போய்த் துணி சாயம் ஏறத் தயாராகும். கம்பளியோ புரதம். சூடான காஸ்டிக் அதைக் கரைத்துவிடும். மூட்டை முழுவதும் மஞ்சளித்துக் கொழகொழத்துப் போனது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில் ஒருவரிடமும் கேட்கவில்லை.

பிறகு வேறு மயிரை எடுத்து மிதமான சோப்பில் அலசி, முள்ளும் புல்விதையும் பொறுக்கி, சீப்பால் கோதி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தேய்த்தேன். இழைகள் ஒன்றோடொன்று பிடிக்கவில்லை. கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் படும்போது அவை விரிந்து, தேய்க்கத் தேய்க்க இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறிப் பூட்டிக்கொள்ளும். அப்படித்தான் விரிப்பு இறுகுகிறது. மெல்லிய இழைக்கு இது எளிதில் நடக்கும். குரும்பையின் இழை தடித்தது, முரட்டு மயிர் கலந்தது. என் விரிப்பை உதறினால் மயிர் கொட்டியது.

கண்காட்சி நாள் நெருங்கியது. மெரினோ வாங்கினேன், எளிதாக இறுகியது. கலந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. நம்மூர் ஆடு என்றதும் மக்கள் நின்று தொட்டுப் பார்த்தார்கள், பேரம் பேசாமல் வாங்கினார்கள், என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பணமும் பாராட்டும் எனக்கு வேண்டியிருந்தது. ஆட்டுக்காரருக்கு இதனால் வருமானம் என்றுகூடச் சொன்னேன். அவருக்கு நான் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

கைத்தொழில் ஆசிரியை ஒருவர் என் அட்டையை நம்பினார். தானே குரும்பைக் கம்பளி வாங்கி, விடுமுறை முழுவதும் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "எனக்குக் கை வரலீங்க" என்றார். அவர் கையில் குறையே இல்லை என்பது எனக்குத் தெரியும். "பழகப் பழக வரும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் கம்பளி வேலையையே விட்டுவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் செய்ததில் மிகக் கேவலமானது இதுதான்.

என் பொய் இன்னொன்றையும் மறைத்தது. இதே கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் இனங்கள் 19ஆம் நூற்றாண்டில் கலந்து உருவானதுதான் நீலகிரி ஆடு. மெல்லிய கம்பளி தருவது. ஊட்டி அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்க்கிறார்கள். குரும்பை மட்டும் இறுகவில்லை என்று நான் அன்றே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், நீலகிரிக் கம்பளியைக் கலந்து பார்க்கலாமே என்று யாராவது வழி காட்டியிருப்பார்கள். எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நான் காட்டிக்கொண்டதால் அந்தக் கேள்வியே எழவில்லை.

அந்த அட்டையோடு என்னிடம் வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தால் முழுப் பணமும் தருகிறேன். அந்த ஆசிரியை இதைப் படித்தால், அம்மா, தவறு உங்கள் கையில் இல்லை. என் அட்டையில் இருந்தது. என்னை மன்னியுங்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இது: எந்த ஆட்டின் கம்பளி, எவ்வளவு கலப்பு, ஆட்டுக்காரருக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதை அட்டையில் எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் அதை விற்காதீர்கள்.