டெவன் வளைவில் ஒரு பெயர்

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் ஏ7 வீதியில் கொட்டகலையும் பத்தனையும் கழிந்தால் வேன்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டத் தொடங்கும். எதிர்ச்சரிவில் டெவன் அருவி 97 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. பிள்ளைகள் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்ப்பார்கள், பெரியவர்கள் கைபேசியை நீட்டுவார்கள். அருவிக்குப் பெயர் கொடுத்தவர், தேயிலைக்கு முன்னால் இந்தச் சரிவில் கோப்பி வைத்திருந்த டெவன் என்ற துரை.

அதே வீதியோரம் கோட்டை போலக் கட்டிய தேயிலை நிலையம் ஒன்றின் முன்னால் ஜேம்ஸ் டெய்லர் சிலையாக நிற்கிறார். டெய்லர் தேயிலை போட்ட இடம் இதுவல்ல. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர், 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். இரண்டு வருடம் கழித்துக் கோப்பியில் இலைநோய் கண்டது. அதன் பிறகு மலைநாடு முழுவதும் அந்த 19 ஏக்கரின் வழியிலேயே போயிற்று. சிலைக்கு உரியவர்தான், சந்தேகமில்லை.

ஆனால் டெய்லரின் கதையில் மறக்கக் கூடாத பகுதி அவருடைய கடைசிப் பயணம். 1892 மே மாதம் வயிற்றுக்கடுப்பில் இறந்தவரின் உடலைத் தோட்டத்திலிருந்து கண்டி மஹியாவ மயானம் வரை தொழிலாளர்கள் தோளிலேயே கொண்டு போனார்கள். கனத்த உடம்பு, ஏறி இறங்கும் மலைப்பாதை. பன்னிரண்டு பேர் களைத்ததும் அடுத்த பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். ‘சாமி துரை’ என்று அவரைக் கூப்பிட்டவர்கள் அவர்கள். மஹியாவக் கல்லறையில் துரையின் பெயர் இருக்கிறது. சுமந்த இருபத்து நான்கு பேரின் பெயரை எங்கே தேடுவது?

டெவனில் இந்தக் கேள்விக்கு வேறு ஒரு கனம் உண்டு. இங்கே ஒரு தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியும். சிவனு லெட்சுமணன்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. காணி கைமாறியபோது அதில் நான்கு தலைமுறையாக உழைத்தவர்கள் கணக்கில் வரவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கி வைத்திருந்தது, வாக்கும் இல்லை. இந்த நிலையில் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. தேயிலை போனால் வேலை போகும், வேலை போனால் லயக் காம்பிராவும் போகும். இதைத் தோட்டத்துச் சனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு ஆணும் பெண்ணும் எதிர்த்து நின்றார்கள். 1977 மே 11 அன்று பொலிஸார் சுட்டார்கள். டெவன் தோட்டத்து லெட்சுமணன் இறந்தார்.

திட்டம் கைவிடப்பட்டது. அதே வருடம் ஜூலையில் பொதுத்தேர்தல் வந்தது. நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராக சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு மலையகத் தமிழர் ஒருவர் வாக்குகளால் நாடாளுமன்றம் போனது அப்போதுதான். இன்று அந்தப் பக்கம் பச்சையாக, முழுதாகத் தெரிகிற மலைச்சரிவை ரசிக்கிறவர்கள், அது துண்டு துண்டாகாமல் இருப்பதற்கு ஓர் உயிர் விலையாகப் போனதையும் அறிய வேண்டும். மே 11 வந்தால் மலையகத்தில் லெட்சுமணனின் பெயரைச் சொல்லிக் கூடுகிறார்கள். அருவி பார்க்க நிற்கும் வெளியூர்க்காரர் எத்தனை பேருக்கு அது தெரியும்? அருவியின் உயரத்தைச் சொல்லும் இடத்தில் இந்தப் பெயரையும் தேதியையும் 7,000 ஏக்கர் என்ற எண்ணையும் மும்மொழியில் சொல்வது பெரிய காரியமில்லை, கட்டாயம் செய்ய வேண்டிய காரியம்.

தூரத்திலிருந்து வந்து இறந்தவர்களை இந்த மலைகள் நினைவில் வைத்திருக்கின்றன. பொகவந்தலாவ தேவாலயத்து முற்றத்தில், 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரனின் கல்லறை இருக்கிறது. நோர்ட்டன் பிரிட்ஜில் ஒரு விமானச் சக்கரம் நினைவுப்பொருளாக இருக்கிறது. 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவில் இறங்க வந்த டச்சு விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. உள்ளே இருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்தோனேசியக் கிராமங்களிலிருந்து மக்காவை நினைத்துக் கிளம்பியவர்களின் கடைசி மண் மஸ்கெலியா மலையானது. அந்தச் சக்கரத்தின் முன்னால் நின்றால் எவருக்கும் மனம் கனக்கும்.

டெவனோடு சேர்த்து அறிய வேண்டிய இன்னொரு தோட்டம் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயா. அங்கே விசாரிக்க வேண்டிய பெயர் கோவிந்தன். 1940 ஜனவரி 10, தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸ் சூட்டில் அவர் இறந்தார். விசாரிக்க ஆணைக்குழு அமைந்தது. அதன் முன்னால் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா.