கடல் இருந்த ஊர்

எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடற்கரை என்று வகுப்பில் சொன்னேன். ஒருத்தர் விடாமல் சிரித்தார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கடலுக்கு எப்படியும் 35 கிலோமீட்டர் இருக்குமே!

ஆனால் எங்கள் வீட்டு ஜன்னலில் ஆதாரம் இருக்கிறது. தாத்தா கிணறு வெட்டியபோது கிடைத்த வெளிறிய களிக்கல். அதில் சீப்பு மாதிரி ஓர் இலையின் அச்சு. ஏதோ ஈச்ச ஓலை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பிறகு கல்லூரி நூலகத்தில் படித்தேன். இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக்கிடந்த நிலத்துக்கு கோண்டுவானா என்று பெயர். அது உடைந்து, இந்தியாவின் கிழக்கு ஓரம் அண்டார்டிகாவை விட்டு விலகியபோது கடல் உள்ளே வந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அப்போது படிந்த பாறைக்கு எங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ஸ்ரீபெரும்புதூர் படிவம். அம்மோனைட் என்ற கடல் உயிரியும், டைலோஃபில்லம் என்ற செடியின் இலையும் அதில் கிடைத்திருக்கின்றன. 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பாறைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

கடல் போனது. வெகுகாலம் கழித்து ஏரிகள் வெட்டினார்கள், நெல் விளைந்தது. 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர் என்று பெயர் வந்தது. 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்று உலகம் அறிந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடியது, 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான். 2006-ல் வந்த நோக்கியா ஆலை 2014-ல் மூடியது. கடல் இருந்த காலத்தோடு பார்த்தால் இதெல்லாம் கண் சிமிட்டும் நேரம்தான்.

சரி, இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? போன மாதம் அப்பா அந்தக் கிணற்றை மூடிவிட்டார். மேலே ஆறு அறைகள் வரப்போகின்றன. ஒடிசா, பீகாரிலிருந்து ஆலை வேலைக்கு வரும் அண்ணன்களுக்கு வாடகைக்கு.

"ஏம்பா மூடினீங்க?" என்று கேட்டேன்.

"உன் காலேஜ் ஃபீஸ் கிணத்துல ஊறுமா?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஃபீஸில் படித்துத்தானே அந்தக் கல் என்னவென்று தெரிந்துகொண்டேன்...

அறைகள் வரட்டும். உங்கள் ஊரிலும் கிணறோ அஸ்திவாரமோ தோண்டினால், லாரி வரும் முன் மண்ணை ஒருமுறை கிளறிப் பாருங்கள். நான் அன்றைக்கு வகுப்பில் இருந்தேன், பார்க்காமல் விட்டுவிட்டேன். ஜன்னலில் இருப்பது அந்த ஒரே கல்தான்.