வரைபடம் இல்லாத கல்லறை

எங்கள் ஊர்க் கோயிலில் சாவு மணி அடித்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு ஊர் எண்ணத் தொடங்கும். ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு. ஞானஸ்நானம் வாங்கிய குழந்தை என்றால் சின்ன மணி. எண்ணி முடித்ததும் யார் வீட்டில் யார் படுக்கையில் இருந்தார்கள் என்று பார்த்து, பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 2021 மே மாதம் பங்குச் சாமியார் அந்த மணியை நிறுத்தச் சொன்னார். “காய்ச்சலோட படுத்திருக்கிறவங்க ஒவ்வொரு மணிக்கும் பயந்து சாகுறாங்கப்பா, வேணாம்.” அதற்குள் மணி அடிக்கிற தாத்தாவும் போய்விட்டிருந்தார். அவருக்காக அடித்தது அவருடைய பேரன். பழக்கமில்லாத கை. கணக்குத் தப்பி, இறந்தது ஆணா பெண்ணா என்று தெரியாமல் ஊர் சற்று நேரம் குழம்பியது.

பெங்களூருவில் இருந்து ஓசூர் போகிற சாலையை விட்டு உள்ளே திரும்பி, ஆனேக்கல் பக்கம் போனால் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், வயலில் கன்னடம், கோயிலில் இரண்டும். எந்தப் பூசை எந்த மொழியில் என்று நகரத்துப் பங்குகளில் நடந்த சண்டை எங்கள் ஊருக்கும் வந்தது. எங்களுக்குப் பூசையே ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் என்பதால் அதிக நாள் நிற்கவில்லை. தாது வருடப் பஞ்சத்தில் சேலம் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்களின் வம்சம் நாங்கள் என்று பாட்டிகள் சொல்வார்கள். 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் மைசூர் ராஜ்யத்து ஜனங்களில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்ததாகக் கணக்கு. அனாதையான பிள்ளைகளைப் பிரெஞ்சுச் சாமியார்கள் சேர்த்துவைத்து நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். ஹெசரகட்டா சாலையில் இருக்கும் சிலுவேபுரா அப்படி உண்டான ஊர். பஞ்சம் முடிந்து இருபது வருடத்தில், 1898இல், பெங்களூருவில் பிளேக் வந்தது. நகரத்தை விட்டு ஓடிவந்தவர்கள் வயல்களில் கொட்டகை போட்டுத் தங்கிய கதையும் எங்கள் ஊரில் உண்டு. சாவு எங்களுக்குப் புதிதில்லை என்று சொல்லத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். ஒரு சாவை எப்படி நடத்துவது என்று எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

முதல் ஆள் மணி தாத்தா. கோயில் பிள்ளை என்பது பட்டம், வேலை எல்லாம்தான். காலை, மதியம், மாலை திரிகால ஜெபத்துக்கு மணி அடிப்பார், மெழுகுவத்தி நறுக்குவார், தூபக்கலசத்துக்குக் கரி ஊதுவார். பக்கத்தில் போனால் சாம்பிராணியும் கணேஷ் பீடியும் கலந்து ஒரு வாசனை வரும். பூசைக்கு உதவுகிற பையன்களின் காதைத் திருகியே வளர்த்தார். என் காதும் அதில் உண்டு. யாருக்காவது மூச்சு இழுக்கிறது என்றால் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கட்டில் ஓரம் குனிந்து, சாகிறவரின் காதில் “சேசு, மரி, சூசை” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குரலில் அவசரம் இருக்காது. தூங்க மறுக்கிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற குரல் அது.

இரண்டாவது, ஒப்பாரிப் பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தவசு காலத்தில் வாசிக்கிற வியாகுலப் பிரசங்கம் பக்கம் பக்கமாக மனப்பாடம். உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரியைத் தேடும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து பாட்டி அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். செத்த வீட்டில் அவர் உட்கார்ந்தால் அந்த வீட்டு ரகசியம் எல்லாம் பாட்டாக வரும். கொடுக்காத கடன், பேசாத அண்ணன், பம்பாய்க்கு ஓடிப்போன மகன். கேட்டுவிட்டுச் சமாதானமான குடும்பங்கள் உண்டு, அடித்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. கவுடர் வீட்டுச் சாவுக்கும் பாட்டி போவார். அங்கே தமிழில்தான் அழுவார். அவர்கள் கன்னடத்தில் அழுவார்கள். இரண்டும் ஒன்றையொன்று இடறாமல் போகும்.

அந்த உறவுக்கு ஒரு கதை இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்தது. மறுநாளே பெங்களூருவில் தமிழர்களின் கடைகளும் குடிசைகளும் எரியத் தொடங்கின. நான் அப்போது சின்னப் பையன். ஓசூர் ரோட்டில் புகை என்றார்கள், லாரியில் ஆட்கள் வருகிறார்கள் என்றார்கள், பாட்டி என் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் ஒரு செருப்பு எங்கோ விழுந்தது, ஓடினோம். கவுடர் வீட்டம்மா எங்கள் தெருப் பெண்களையும் பிள்ளைகளையும் பட்டுப்புழு வளர்க்கிற கொட்டகைக்குள் தள்ளி வெளியே பூட்டு போட்டார். உள்ளே இருட்டு. தட்டுத் தட்டாகப் புழுக்கள் முசுக்கொட்டை இலையைத் தின்கிற சரசரப்பு. மழை வந்துவிட்டது என்று என் தங்கை சொன்னாள். பச்சை இலையின் ஈர வாசனை. பாட்டி எங்கள் வாய் மேல் கையை வைத்துக்கொண்டு செபமாலை சொன்னார், சத்தமே இல்லாமல், உதடு மட்டும் அசைந்தது. லாரி எங்கள் ஊருக்குள் வரவில்லை. அதன்பிறகு கவுடர் வீட்டம்மாவும் பாட்டியும் ஒருவருக்கொருவர் ‘அக்கா’ ஆனார்கள். இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை.

மூன்றாவது ஆள், குழி வெட்டுகிற மாமா. ஜிகணிப் பக்கம் கல் குவாரியில் வேலை செய்தவர். நுரையீரலில் கல் தூசி ஏறியபிறகு ஊரோடு தங்கிவிட்டார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பளிங்குக் கல் வைத்த சமாதிகள் கொஞ்சம். மற்றதெல்லாம் மண் மேடும் மரச் சிலுவையும்தான். சிலுவை நாலைந்து மழையில் உளுத்துவிடும், மேடு அமுங்கிவிடும், மேலே புல் முளைக்கும். ஆனாலும் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று மாமாவுக்குத் தெரியும். “இங்க வெட்டாதே, உங்க பெரியப்பா கால் இருக்குது. ரெண்டு அடி தள்ளி வா, அங்க உன் ஆயா பக்கத்துல எடம் இருக்கு.” பழைய எலும்பு தட்டுப்பட்டால் வெள்ளைத் துணியில் முடிந்து, புதுப் பெட்டியின் காலடியில் வைப்பார். அவரிடம் நோட்டுப் புத்தகம் கிடையாது. கேட்டால் சிரித்துக்கொண்டு நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். சாராய வாசனையோடுதான் குழியில் இறங்குவார். சாமியார்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அதை யாரும் கேட்டதில்லை.

இந்த மூன்று பேரையும் ஒன்றாகக் கடைசியாகப் பார்த்தது 2021 ஏப்ரல் 2, பெரிய வெள்ளி. கோயிலில் பாதி முகங்கள் முகக்கவசத்தில். இறந்த ஆண்டவரின் சுரூபத்தை மாமாவும் இன்னும் மூவரும் தோளில் தூக்கினார்கள். பாட்டிக்கு முகக்கவசத்துக்குள் மூச்சு முட்டியது. அதைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பாடினார். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தாத்தா முன்னால் நடந்தார். பாஸ்கா அன்று கறிக்குழம்பும் ராகிக் களியும். எல்லார் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், கம்மனஹள்ளியிலிருந்து, ஒயிட்ஃபீல்டிலிருந்து, கோலார் தங்கவயலிலிருந்து.

இரண்டு வாரத்தில் இருமல். ஏப்ரல் மூன்றாம் வாரம் கோயில்களை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 27ஆம் தேதி இரவிலிருந்து ஊரடங்கு. ஏப்ரல் 30 அன்று ஒரே நாளில் பெங்களூருவில் மட்டும் 26,000 பேருக்கு மேல் கொரோனா தொற்று என்று டிவியில் எண் ஓடியது. அப்போது படுக்கை வேண்டுமென்றால் 1912க்குப் போன் போட வேண்டும், அங்கே நோயாளிக்கான பி.யு. நம்பர் கேட்பார்கள், பி.யு. நம்பர் வர வேண்டுமென்றால் பரிசோதனை முடிவு வர வேண்டும், முடிவு வருவதற்குள் ஆள் நீலம் பாய்ந்துவிடுவார். ஓசூருக்கு ஓடினால் அத்திப்பள்ளி செக்போஸ்ட். நகரத்துக்கு ஓடினால் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. பைக்கில் பின்னால் உட்காரவைத்து, விழாமல் துண்டால் என் இடுப்போடு கட்டிக்கொண்டு ஒருவரைக் கொண்டுபோனேன். மூன்று ஆஸ்பத்திரி. இடமில்லை, ஆக்ஸிஜன் இல்லை, வேறெங்காவது பாருங்கள். அவர் பிழைத்தார். ஏன் அவர் பிழைத்தார், ஏன் மற்றவர்கள் இல்லை என்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

மணி தாத்தா வீட்டிலேயே, தன் கயிற்றுக் கட்டிலிலேயே போனார். சாமியார் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். மந்திரித்த எண்ணெயின் வாசனையைச் சானிட்டைசர் மூடிவிட்டது. ஊரில் அத்தனை பேரின் காதில் ஜெபம் சொன்னவருக்குச் சொல்ல, காய்ச்சலில் தானே நடுங்கிக்கொண்டிருந்த அவர் மனைவிதான் இருந்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பல் கிட்ட, சொன்னார்.

நாலு நாள் கழித்து ஒப்பாரிப் பாட்டி. அடக்கத்துக்கு ஐந்து பேர்தான் வரலாம் என்பது அப்போதைய விதி. அழ யாரும் இல்லை; பாட்டியிடம் ஒப்பாரி கற்றுக்கொண்ட ஒருத்தி இருந்தாள், அவளும் அன்று தனிமையில். பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து நாங்கள் ஐந்து பேரும் பிளாஸ்டிக் உடுப்புக்குள் வியர்த்து ஒழுகிக்கொண்டு போனபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுத் திண்ணையில் கவுடர் வீட்டம்மா எழுந்து நின்றார். எண்பதைத் தாண்டியவர். மகன் உள்ளே வரச் சொல்லிக் கையைப் பிடித்தார், உதறிவிட்டார். மார்பில் அடித்துக்கொண்டு கன்னடத்தில் அழத் தொடங்கினார். “அக்கா, நனகின்னு யாரு அளோரு?” எனக்கு இனி யார் அழுவார்கள் என்று. வண்டியை நாங்கள் நிறுத்தினோம். விதிப்படி நிறுத்தக் கூடாது. அவர் முடிக்கும்வரை நின்றோம்.

அந்த இரண்டு குழிகளையும் வெட்டியது மாமாதான். சொந்த நிலத்திலேயே அடக்கமோ தகனமோ செய்துகொள்ளலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. சிலர் தோட்டத்தில் புதைக்கிறோம் என்றார்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “அவங்கவங்க ஆளுங்க பக்கத்துல போவட்டும்” என்றார். வெட்டினார், இருமினார், உட்கார்ந்தார், மறுபடி வெட்டினார். மே நடுவில் அவருக்கே மூச்சு விட முடியவில்லை. எப்படியோ ஒரு ஆம்புலன்ஸ் வந்து நகரத்துக்குக் கொண்டுபோனது. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இருந்த நர்ஸ் பெண்கள் தூக்கமில்லாமல் ஓடியதைப் பார்த்தவன் நான். மூன்றாம் நாள் போன் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் தொற்று. பொம்மசந்திரா கம்பெனியில் வேலை பார்க்கிற மகன்கூட எழுந்து நிற்க முடியாத நிலை. பெங்களூரு உயர்மறைமாவட்டத்தின் ‘மெர்சி ஏஞ்சல்ஸ்’ தன்னார்வலர்கள்தான், முன்பின் தெரியாத பிள்ளைகள், அவரை நகரத்துக் கல்லறையில் ஜெபம் சொல்லி இறக்கினார்கள். அந்த நாட்களில் நகரத்தின் மறுபக்கம், தாவரெகெரே அருகே கித்தேனஹள்ளியில், கைவிட்ட கல் குவாரி ஒன்றையே திறந்தவெளிச் சுடுகாடாக்கியிருந்தார்கள். குவாரியில் உழைத்துத் தேய்ந்த மாமா அதைக் கேட்டிருந்தால் ஏதாவது கேலியாகச் சொல்லியிருப்பார்.

அந்த ஆண்டு டிசம்பர் 23 அன்று, பெலகாவியில் கூடிய சட்டசபையில் மதமாற்றத் தடை மசோதா நிறைவேறியது. டிவியில் நாள் முழுக்க எங்களைப் போன்ற ஊர்களைப் பற்றி, எங்கள் ஊர்களைப் பார்க்காதவர்கள் பேசினார்கள். எனக்குத் திண்ணையில் எழுந்து நின்ற கிழவிதான் ஞாபகத்தில் இருந்தார். அவர் அதற்கு முன்பே, அக்டோபரில், வயதாகிப் போயிருந்தார். எங்கள் தெருப் பெண்கள் போய் உட்கார்ந்தார்கள், தெரிந்தவரை அழுதார்கள்.

இப்போது ஊரில் மணியை மின்சாரம் அடிக்கிறது. திரிகால ஜெபத்துக்கு நேரம் தவறுவதில்லை. சாவு மணிக்கு மட்டும் சுவிட்சை நிறுத்திவிட்டு, பேரன் கயிற்றைப் பிடிக்கிறான்; இப்போது கணக்குத் தப்புவதில்லை. ஒப்பாரிக்கு அந்த ஒருத்தி இருக்கிறாள், ரகசியங்களைத் தொட மாட்டேன் என்கிறாள், அது அவள் இஷ்டம். கல்லறைதான் சிக்கல். எங்கே மண்வெட்டி போட்டாலும் யாரோ இருக்கிறார்கள். போன வருடம் ஒரு குழியில் வந்த எலும்பை இரண்டு குடும்பங்கள் தங்கள் தாத்தா என்றன. கைகலப்பு வரை போய், கடைசியில் இரு வீட்டாரும் சேர்ந்து ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார்கள்.

அதனால் மாமாவின் மகனும் நானும் இன்னும் சில பையன்களும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறையில் நூல் கட்டி அளக்கிறோம். அப்பா எப்போதோ சொன்னதை அவன் யோசித்து யோசித்துச் சொல்கிறான்: சப்போட்டா மரத்துக்குக் கிழக்கே சின்னம்மை கண்ட பிள்ளைகள், சுவர் ஓரம் அறுபத்தைந்தில் கிணறு சரிந்து செத்தவர்கள், கெபிக்குப் பின்னால் வெளியூர்க்காரர்கள். கிழவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கேட்கிறோம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார். இரண்டையும் எழுதிக்கொள்கிறோம். வடக்கு மூலை இன்னும் வெறுமையாக இருக்கிறது. எங்கள் ஊரை விட்டு நகரத்துக்கும் தங்கவயலுக்கும் போன குடும்பத்தார் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு வழக்கம்போல வருவார்கள். மாலை மந்திரிப்புக்கு வராமல், காலையிலேயே வெளிச்சத்தில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறோம்.