கல்லைத் தட்டிக் கேட்பது

ஜெலுத்தோங்கில் நான் தொழில் பழகிய பட்டறையில் புதுச் சாணைக்கல் நேராக மெஷினுக்குப் போகாது. மேஸ்திரி நடுத்துளையில் விரலை நுழைத்துத் தூக்கிப் பிடிப்பார். ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால், விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே தள்ளி, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. கல்லைச் சற்றுத் திருப்பி மறுபடியும். சந்தையில் மண்சட்டி வாங்கும் அம்மாக்கள் சுண்டிப் பார்ப்பார்களே, அதேதான். கணீரென்றால் நல்ல கல். டொக்கென்றால் உள்ளே விரிசல். மழைக்காலத்தில் ஈரம் குடித்த கல்லும் மந்தமாகவே ஒலிக்கும் என்பதால், காயவிட்டுத்தான் தட்டுவார்.

ஒருநாள் என் கைதவறி ஒரு கல் தரையில் விழுந்தது. கீறல்கூடத் தெரியவில்லை. "நல்லாத்தான் இருக்குண்ணே" என்றேன். "நீயே தட்டிப் பாருடா" என்றார். டொக். அன்றைக்கு என் வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் ஓடும்போது அந்த விரிசல் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

கல்லில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்கக் கற்றுத் தந்ததும் அவர்தான். A 60 K 5 V என்றால், அலுமினியம் ஆக்சைடு, 60ஆம் நம்பர் பொடி, K அளவு இறுக்கம், 5 என்ற நெருக்கம், சூளையில் சுட்ட பிணைப்பு. அந்த இறுக்கம்தான் எனக்குப் பிடித்த பாடம். கெட்டியான எஃகுக்கு இளகிய கல் வேண்டும். எஃகு பொடியின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். பிணைப்பு இளகியிருந்தால் மழுங்கிய பொடி உதிர்ந்து, அடியிலுள்ள கூரான பொடி வேலைக்கு வரும். இறுக்கமான கல்லோ மழுங்கியதையே பிடித்துக்கொண்டு, தேய்க்காமல் சுட்டுவிடும். உளிமுனை நீலம் பாய்ந்தால் அதுதான் காரணம். கார்பைடு முனைக்குப் பச்சைக்கல், அதாவது சிலிக்கன் கார்பைடு. அலுமினியத்தைச் சாதாரணக் கல்லில் வைக்கவே கூடாது, துளைகளில் அப்பிக்கொள்ளும்.

தாங்குபலகைக்கும் கல்லுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடமாட்டார். பொருள் உள்ளே இழுபட்டால் கல் தெறிக்கும். மாட்டியதும் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுவார். கையில் பிடிக்கும் கிரைண்டருக்கு இன்னும் கண்டிப்பு: 4 அங்குல வட்டில் அச்சிட்டிருப்பது நிமிடத்துக்கு 15,300 சுற்று, விளிம்பில் மணிக்கு ஏறக்குறைய 288 கிலோமீட்டர். காப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டு மாட்டுபவனை அவர் பட்டறைக்குள்ளேயே விடமாட்டார்.

நான் போட்ட அந்தக் கல்லை அவர் எறியவில்லை. சிவப்புப் பெயிண்டில் குறுக்குக் கோடிட்டு, ஒரு நல்ல கல்லுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டினார். புதிதாக வருகிற பையன்கள் முதல் நாள் இரண்டையும் தட்டிக் கேட்பார்கள்.